கார்லைல் பசங்க, 1912

சில வருஷம் முன்னாடி, மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமா நிறம் மாறுற அக்டோபர் மாசத்துல, நண்பர் ஒருத்தரோட பென்சில்வேனியா மலைப்பக்கம் கார்ல போயிட்டிருந்தேன். ஒரு திருப்பத்துல "ஜிம் தார்ப்"னு ஒரு பலகை. யாரோ எலெக்‌ஷன்ல நிக்கிறார் போலன்னு நினைச்சேன். அடுத்த பலகையில பேருக்குப் பக்கத்துல மைல் கணக்கும் போட்டிருந்தது.

"யோவ், அது ஊர் பேருய்யா" என்றார் நண்பர்.

ஊர்தான். ஊருக்கு வெளியே ரோட்டோரமா செந்நிறக் கல்லில் ஒரு சமாதி. உள்ளே படுத்திருப்பவர் அந்த ஊர்ல பிறக்கவும் இல்லை, வாழவும் இல்லை. அப்புறம் எப்படி அங்கே வந்தார்? அன்னிக்கு ரெண்டு போட்டோ எடுத்துக்கிட்டு, காபி குடிச்சிட்டுத் திரும்பிட்டோம். பிறகு வீட்ல உட்கார்ந்து அவரைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சவன், அவரை விட்டுட்டு அவர் விளையாடின டீமைப் பிடிச்சுக்கிட்டேன். குறிப்பா அந்த டீமோட ஒரே ஒரு சீசன். 1912.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இது நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை மாதிரி பந்து, பெரும்பாலும் கையில. தூக்கிக்கிட்டு ஓடுறவனை எதிராளிங்க அமுக்கணும், சடுகுடுல பாடி வர்றவனை அமுக்குற மாதிரி. ஓடுறவன் எதிர் எல்லைக்குப் போய்ச் சேர்ந்துட்டா அது டச் டவுன். இதுக்கு ஏன் ஃபுட்பால்னு பேர் வச்சாங்கன்னு கேட்காதவன் தமிழனே இல்லை. நானும் கேட்டேன். திருப்தியான பதில் இதுவரைக்கும் கிடைக்கலை.

இப்ப பள்ளிக்கூடத்துக்கு வருவோம். கார்லைல் இண்டியன் இண்டஸ்ட்ரியல் ஸ்கூல். இங்க இண்டியன்னா நாம இல்லை. செவ்விந்தியர்னு நாம பாடப் புத்தகத்துல படிச்சோமே, அந்த அமெரிக்கப் பழங்குடி மக்கள். (அந்தச் சொல்லை இன்னிக்கு அவங்க விரும்புறதில்லை. அதனால பழங்குடின்னே எழுதறேன்.) 1879-ல் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி, பென்சில்வேனியாவில் காலியாக் கிடந்த ராணுவ முகாம் ஒன்றில் இதை ஆரம்பிச்சார். டகோட்டா பக்கத்திலிருந்து லகோட்டா இனத்துக் குழந்தைகளை ரயிலேத்திக் கொண்டு வந்தாங்க. வந்ததும் முதல் வேலை முடியை வெட்டினது. அப்புறம் உடுப்பு, அப்புறம் பேரு. தாய்மொழி பேசினா தண்டனை. வந்தப்ப ஒரு போட்டோ, சில மாசமோ வருஷமோ கழிச்சுக் கோட்டு போட்டு இன்னொரு போட்டோ, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஊருக்கெல்லாம் காட்டுவாங்க. பையனுக்குள்ள இருக்கிற இண்டியனைக் கொன்னுட்டு மனுஷனைக் காப்பாத்தணும் என்பது பிராட் 1892-ல் மேடையேறிச் சொன்ன கொள்கை. அவரைப் பொறுத்தவரைக்கும் அது கருணை. துப்பாக்கியால கொல்றதைவிட இது மேல்னு உண்மையாவே நம்பினவர்.

பேருக்குத்தான் ஸ்கூல். பாதி நாள் படிப்பு, பாதி நாள் தச்சு, கொல்லு, தையல், பேக்கரின்னு வேலை. லீவுல வெள்ளைக்காரங்க பண்ணையில வேலைக்கு அனுப்புவாங்க. ஆக இது காலேஜே கிடையாது. ஆனா இவங்க மோதினது ஹார்வர்டு, பென்சில்வேனியா மாதிரி பெரிய பல்கலைக்கழகங்களோட. எதிர்ல நிக்கிறவன் நாளைக்கு வக்கீல், பேங்க் முதலாளி. இவன் நாளைக்குக் கொல்லுப்பட்டறை.

ஃபுட்பாலை பிராட் ஆரம்பத்துல நிறுத்தி வச்சிருந்தார். ஒரு பையனுக்குக் கால் உடைஞ்சதுதான் காரணம். பசங்க வந்து கெஞ்சினப்ப ரெண்டு நிபந்தனையோட ஒத்துக்கிட்டார். ஒண்ணு, எதிராளி அடிச்சாலும் திருப்பி அடிக்கக்கூடாது. நீங்க ஒரு அடி அடிச்சீங்கன்னா 'பார்த்தியா, காட்டுமிராண்டிப் புத்தி'ன்னு சொல்லுவாங்கங்கிறது அவர் வாதம். ரெண்டாவது, ரெண்டு, மூணு, நாலு வருஷத்துல நாட்டிலேயே பெரிய டீமைத் தோற்கடிக்கணும். இந்த முதல் நிபந்தனையை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

அந்தக் காலத்து ஃபுட்பால் உண்மையிலேயே கொலைகார விளையாட்டு. 1905 சீசன்ல மட்டும் பதினெட்டு, பத்தொன்பது பேர் செத்தாங்கன்னு கணக்கு. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசினார். அடுத்த வருஷம் பந்தை முன்னாடி வீசலாம்னு விதி மாறிச்சு. 1912-க்கு இன்னும் பெரிய மாற்றங்கள். மைதானம் 110 கஜத்திலிருந்து 100 ஆச்சு. பத்து கஜம் முன்னேற மூணு வாய்ப்பு இருந்தது நாலாச்சு. டச் டவுனுக்கு அஞ்சு புள்ளி இருந்தது ஆறாச்சு. வீசுற தூரத்துக்கு இருந்த கட்டுப்பாடும் போச்சு. கூட்டமா ஒட்டிக்கிட்டு நெஞ்சால முட்டித் தள்ளுற ஆட்டம் போய், ஓடுறவனுக்கும் ஏமாத்துறவனுக்கும் வழி பிறந்தது. கார்லைல் பசங்க எடை கம்மி, வேகம் ஜாஸ்தி. விதியை யாரோ இவங்களுக்காகவே மாத்தின மாதிரி இருந்துச்சு.

கோச் பேர் கிளென் "பாப்" வார்னர். கார்னெல்லில் சட்டம் படிச்சவர், மூளைக்காரர். 1903-ல் ஹார்வர்டுக்கு எதிரா இவர் பசங்க பந்தை ஒருத்தன் ஜெர்சிக்குள்ள ஒளிச்சு வச்சு ஓட, மைதானமே பந்தைத் தேடிச்சு. (அந்த மேட்ச்சை ஹார்வர்டு ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்துல ஜெயிச்சது வேற விஷயம்.) 1911-ல் அதே ஹார்வர்டை 18-15னு தோற்கடிச்சாங்க. அதுல நாலு ஃபீல்டு கோல் அடிச்சவர் ஜிம் தார்ப்.

தார்ப், ஓக்லஹோமா பக்கத்துல சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்தைச் சேர்ந்தவர். 1912 கோடையில ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸ் போய் பென்டத்லான், டெகத்லான் ரெண்டிலும் தங்கம் வாங்கிட்டு வந்தார். அதே ஸ்கூல் லூயிஸ் டெவானிமா 10,000 மீட்டர்ல வெள்ளி. திரும்பி வந்ததும் ஊர்வலம், மாலை மரியாதை. அது முடிஞ்ச கையோட செப்டம்பர்ல மறுபடி ஸ்கூல் டீமுக்கு விளையாட இறங்கிட்டார்.

சீசன் கணக்கைப் பார்த்தா மூச்சு வாங்குது. செப்டம்பர் 21-லிருந்து நவம்பர் 28 வரைக்கும் 14 மேட்ச். முதல் பதினைஞ்சு நாள்லயே அஞ்சு. ஆல்பிரைட் 50-7, லெபனான் வேலி 45-0, டிக்கின்சன் 34-0, வில்லனோவா 65-0. அப்புறம் வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன் காலேஜோட 0-0, எல்லாரும் மண்ணைக் கவ்வின நாள். அப்புறம் சிராக்யூஸ் 33-0, பிட்ஸ்பர்க் 45-8, ஜார்ஜ்டவுன் 34-20. ஜார்ஜ்டவுனோட ஆடி ரெண்டே நாள்ல கனடாவுல டொரண்டோ டீமோட ஒரு மேட்ச். பாதி அமெரிக்க விதி, பாதி கனடா விதி. 49-1. அந்த 1 எப்படி வந்ததுன்னு ரொம்ப நேரம் மண்டையைக் குடைஞ்சேன். கனடா ஆட்டத்துல ஒத்தைப் புள்ளி எடுக்க வழி இருக்காம். அப்புறம் லீஹை 34-14.

இவ்வளவு மேட்ச் எதுக்குன்னா, டிக்கெட் காசுக்கு. பெரிய மேட்ச் எல்லாம் வெளியூர்ல, எதிராளி மைதானத்துல. கூட்டம் எங்கே ஜாஸ்தியோ அங்கே. அந்தக் கூட்டம் எதைப் பார்க்க வந்துச்சு? 'இண்டியன்'களைப் பார்க்க. பத்திரிகைக்காரங்க ஒவ்வொரு மேட்ச்சையும் பழைய யுத்தம் மாதிரி எழுதுவாங்க, கோடாலி, மண்டைத்தோல்னு. ஸ்கூலுக்குள்ள எந்த அடையாளத்தை அழிக்கணும்னு முடி வெட்டினாங்களோ, அதே அடையாளத்தை வெளிய டிக்கெட் போட்டு வித்தாங்க. எனக்கு இந்த ஒரு விஷயம்தான் திரும்பத் திரும்ப இடறுது.

நவம்பர் 9, சனிக்கிழமை. வெஸ்ட் பாயின்ட். அமெரிக்க ராணுவ அதிகாரிகளை உருவாக்குற அகாடமியோட மேட்ச்.

இதோட அர்த்தம் புரியணும்னா ஒரு தேதி போதும். 1890 டிசம்பர் 29, வூண்டட் நீ. குதிரைப்படை சுத்தி வளைச்சு லகோட்டா மக்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, 250 பேருக்குக் குறையாம கொன்ன நாள். 1912-ல் அதுக்கு வயசு 22-கூட முடியலை. மைதானத்துல நின்ன பசங்க அப்பத்தான் பிறந்தவங்க, தவழ்ந்துக்கிட்டிருந்தவங்க.

அன்னிக்கு உடுப்பு மாத்துற அறையில வார்னர் பேசினதா ஒரு கதை உண்டு. உங்க அப்பன், பாட்டனோட சண்டை போட்டது இந்தச் சிப்பாய்ங்களோட அப்பன், பாட்டன்தான், வூண்டட் நீயை நினைச்சுக்கிட்டு ஆடுங்கன்னு சொன்னாராம். இதை ரொம்ப வருஷம் கழிச்சுச் சொன்னவர் டீமோட குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச். ஓஜிப்வே இனம், விஸ்கான்சின்காரர், தார்ப்போட அறைத்தோழர். முதல் தடவை படிச்சப்ப எனக்கும் புல்லரிச்சுது, பொய் சொல்ல மாட்டேன். ரெண்டாவது தடவை படிச்சப்ப வேற மாதிரி இருந்துச்சு. செத்தவங்க இவங்க ஆளுங்க. அதை எடுத்து மேட்ச்சுக்குச் சாவி கொடுக்கப் பயன்படுத்தினவர் வார்னர்.

முதல்ல டச் டவுன் போட்டது ராணுவம்தான். கூடுதல் புள்ளிக்கான உதை தவறிப்போய் 6-ல் நின்னாங்க. அப்புறம் கடைசி வரைக்கும் ஒரு புள்ளிகூட எடுக்கலை. வார்னர் வச்சிருந்த புது வியூகத்துல ஆட்கள் பரவலா நின்னாங்க, பந்து யார் கையில போகுதுன்னே தெரியாம. ராணுவ கேப்டன் லிலண்ட் டெவோர், மலை மாதிரி ஆள். அவருக்கு எதிர்ல நின்னவர் ஜோ கயான், எடையில பாதிக்குக் கொஞ்சம் மேலன்னு கிண்டலாச் சொல்லலாம். மேட்ச் பூரா டெவோரைத் திணறடிச்சார். ஒரு கட்டத்துல டெவோர் பொறுக்க முடியாம கயான் மேல பாய்ஞ்சு தாக்க, நடுவர் டெவோரை வெளியேத்திட்டார். பிராட்டோட பழைய நிபந்தனை ஞாபகம் இருக்கா? அடிச்சது நாளைய அதிகாரி. திருப்பி அடிக்காம நின்னது 'காட்டுமிராண்டி'.

தார்ப்பைப் பிடிக்க ராணுவ டீம்ல ரெண்டு பேர் சேர்ந்து திட்டம் போட்டாங்க. ரெண்டு பக்கத்திலிருந்தும் பாய்ஞ்சு நடுவுல நசுக்கிடறது. பாய்ஞ்சாங்க. தார்ப் நின்னுட்டார். ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் மோதிக்கிட்டு, தலை சுத்தி, வெளிய போக வேண்டியதாப் போச்சு. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் பேர் டுவைட் ஐசன்ஹோவர். அடுத்து டஃப்ட்ஸ் காலேஜோட நடந்த மேட்ச்ல முட்டியில அடிபட்டு அவரோட ஃபுட்பாலே முடிஞ்சது. தார்ப்தான் முட்டியை உடைச்சார்னு சிலர் எழுதறாங்க, அது தப்பு.

இன்னொரு தப்பையும் சொல்லிடறேன். தார்ப் 92 கஜம் ஓடிப் போட்ட டச் டவுன் பெனால்டியில செல்லாமப் போக, அடுத்த ஆட்டத்துலயே 97 கஜம் ஓடித் திரும்பப் போட்டார்னு இணையம் பூரா இருக்கு. நல்லாத்தான் இருக்கு, சினிமாவுக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க. 27 புள்ளி. நாலு டச் டவுன், நாலாறு 24, கூட மூணு உதை. அந்த நாலுல மூணு அலெக்ஸ் ஆர்காசா போட்டது, ஒண்ணு ஜோ பெர்ஜி. தார்ப்புக்கு இடமே இல்லை. அன்றைய பத்திரிகைச் செய்தியில பெனால்டியால செல்லாமப் போன ஒரு நீண்ட ஓட்டம் இருக்கு. அந்த நிஜ ஓட்டத்தைத்தான் யாரோ இழுத்து நீட்டியிருக்காங்க. இதனால தார்ப்புக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. ஆனா ஆர்காசாவோட பேரை இன்னிக்கு யாருக்குத் தெரியும்?

27-6. மேட்ச் முடிஞ்சது.

அடுத்த வாரமே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கிட்ட 34-26னு தோத்தாங்க. சீசன்ல ஒரே தோல்வி. அதுக்கடுத்து ஸ்பிரிங்ஃபீல்டு, 30-24. அந்த 30 புள்ளியும் தார்ப் ஒருத்தரே எடுத்தது. கடைசியா நன்றி நவிலல் நாள்ல பிரௌன் 32-0. மொத்தம் 12 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு டிரா. எடுத்தது 504 புள்ளி, கொடுத்தது 114. (ஸ்கோரையெல்லாம் கூட்டிப் பார்த்தேன், சரியா வருது.)

ரெண்டு மாசம்கூட ஆகலை. 1913 ஜனவரி கடைசியில மாசச்சூசெட்ஸில் ஊஸ்டர் நகரத்துப் பத்திரிகை ஒண்ணு, தார்ப் 1909, 1910-ல் வட கரோலினாவில் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடினவர்னு போட்டுச்சு. அப்ப ஒலிம்பிக்ஸ் அமெச்சூர்களுக்கு மட்டும்தான். பல காலேஜ் பசங்க லீவுல இப்படி ஆடினாங்க, புனைபேர்ல. தார்ப் சொந்தப் பேர்ல ஆடினார். வார்னரும் ஸ்கூல் சூப்பரின்டெண்டென்ட் மோசஸ் ஃப்ரீட்மனும் 'எங்களுக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு கையை விரிச்சாங்க. தன் ஸ்டார் ஆட்டக்காரன் ரெண்டு வருஷம் எங்கே இருந்தான்னு ஒரு கோச்சுக்குத் தெரியாதாம்! தார்ப் பேர்ல மன்னிப்புக் கடிதம் ஒண்ணு போச்சு. அதை எழுத வச்சதே வார்னர்தான் என்பது பல வரலாற்றாசிரியர்களோட கருத்து. ஆட்சேபிக்க 30 நாள் கெடு. அது தாண்டி ஆறு மாசம் ஆகியிருந்தது. அதை யாரும் பார்க்கலை. மெடல் ரெண்டும் போச்சு.

இங்கேதான் கஸ் வெல்ச் மறுபடி வர்றார். வூண்டட் நீ பேச்சைக் கேட்டு ராணுவத்தை ஜெயிச்ச அதே குவார்ட்டர்பேக். மாணவர்கள் 200 பேருக்கு மேல கையெழுத்துப் போட்ட மனு ஒண்ணு வாஷிங்டனுக்குப் போச்சு, நிர்வாகத்தை விசாரிக்கச் சொல்லி. அதுக்குப் பின்னால நின்னவர்கள்ல முக்கியமானவர் இவர். 1914 பிப்ரவரியில காங்கிரஸ் கமிஷன் கார்லைலுக்கே வந்து உட்கார்ந்தது. சாப்பாடு மோசம், அடி உதை, கணக்கு வழக்குல குளறுபடின்னு பசங்க ஒவ்வொருத்தரா சொன்னாங்க. ஃபுட்பால் காசு சேர்ந்த தடகள நிதியிலிருந்து ஆட்டக்காரங்களுக்கு மட்டுமில்லை, பத்திரிகைக்காரங்களுக்கும் பணம் போனது வெளிய வந்துச்சு. வெல்ச்சும் சாட்சி சொன்னார். வார்னர் நல்ல கோச்தான், ஆனா நெறி இல்லாத மனுஷன், பசங்களைக் கேவலமாத் திட்டுறார், என்கிற அர்த்தத்துல.

கோபத்துல சொன்ன சாட்சியா எனக்குத் தெரியலை. நல்ல கோச்னு முதல்லயே ஒத்துக்கிட்டுத்தான் மீதியைச் சொல்றார். வெஸ்ட் பாயின்ட் பேச்சையும் பின்னாடி அவரேதான் ரசிச்சுச் சொல்லியிருக்கார். ரெண்டையும் ஒரே ஆள் மனசுல வச்சிருந்திருக்கார்.

ஃப்ரீட்மன் பதவி போச்சு. வார்னர் அந்த வருஷ சீசனை முடிச்சிட்டு பிட்ஸ்பர்க் போனார், அங்கே பெரும் புகழ். இன்னிக்கும் அமெரிக்காவுல சின்னப் பசங்க ஃபுட்பாலுக்கு அவர் பேர்தான். வெல்ச் முதல் உலகப்போருக்குப் போய் வந்தார், வாஷிங்டன் ஸ்டேட்ல கோச்சா இருந்தார், 1970-ல் காலமானார். 1918-ல் ஸ்கூலையே மூடி, காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி நடத்த இடத்தை ராணுவமே திரும்ப எடுத்துக்கிச்சு.

ஐசன்ஹோவர் 1953 ஜனவரியில அதிபர் ஆனார். தார்ப் அதே வருஷம் மார்ச்ல கலிஃபோர்னியாவுல காசில்லாம செத்தார். ஓக்லஹோமாவுல புதைக்க ஏற்பாடு நடந்தப்ப, அவர் மூணாவது மனைவி உடலை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். நிலக்கரித் தொழில் நசிஞ்சு போய், டூரிஸ்ட் வரமாட்டாங்களான்னு ஏங்கிக்கிட்டிருந்த ரெண்டு பென்சில்வேனியா ஊர்கள், மாக் சங்க், கிழக்கு மாக் சங்க், 1954-ல் ஒண்ணா சேர்ந்து அவர் பேரையே ஊர் பேரா வச்சுக்கிட்டு உடலை வாங்கிக்கிச்சு. எனக்குப் பலகையில தெரிஞ்ச ஊர் அதுதான்.

மெடல் 1982-ல் திரும்பி வந்தது, ஆனா 'இணை வெற்றியாளர்'னு. முழுசா அவர் ஒருத்தரே வெற்றியாளர்னு ஒலிம்பிக் கமிட்டி சொன்னது 2022-ல். உடலை ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோக 2010-ல் வழக்குப் போட்டாங்க. முதல் கோர்ட்ல ஜெயம், மேல் கோர்ட்ல தோல்வி. 2015-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கவே இல்லை.

கார்லைல்ல அந்த ராணுவ முகாம் இன்னிக்கும் இருக்கு, ராணுவக் கல்லூரியா. பசங்க ஆடின மைதானமும் இருக்கு. வாசல் பக்கம் ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம், ஸ்கூல்ல படிக்க வந்து வீடு திரும்பாத குழந்தைகளோடது. 2017-லிருந்து ராணுவமே குழிகளைத் தோண்டி, குடும்பமும் இனமும் கேட்ட குழந்தைகளைச் சொந்த மண்ணுக்கு அனுப்பிக்கிட்டிருக்கு. 2024 டிசம்பர்ல அந்த இடத்தைத் தேசிய நினைவிடமாவும் அறிவிச்சாங்க.

தார்ப் இன்னும் அந்த ரோட்டோரத்துலதான் இருக்கார். அக்டோபர்ல நல்ல கூட்டம், இலை பார்க்க வர்றவங்க.